கோப்பித் தோட்டத்து வீதியும் அரிசி மூட்டையின் தீர்வையும்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் கடுகண்ணாவைக் கணவாயில் ஒரு பாறையைப் பார்த்திருப்பார்கள். நடுவே குடைந்து வழி விட்ட பெரும் பாறை. இன்று வாகனங்கள் அதன் ஓரமாகச் சுற்றிப் போகின்றன. பழைய துளை அப்படியே இருக்கிறது. மலையைத் துளைத்து வருகிறவன்தான் கண்டியை ஆள்வான் என்று அந்தப் பக்கத்தில் ஒரு செவிவழிக் கதை உண்டு. இன்னும் சற்று மேலே ஏறினால், கலங்கரை விளக்கம் போல ஒரு கோபுரம் நிற்கும். அந்தப் பாதையை அமைத்த பொறியியலாளர் கப்டன் வில்லியம் டோசனின் நினைவாகக் கட்டியது. அவர் 1829-ல் இறந்தார். பாறையைக் குடைந்தவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. அவர்களுக்குக் கூலியும் கொடுக்கப்படவில்லை.

பிரித்தானியர் ஆண்ட இலங்கையில் 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் வீதிகள், பாலங்கள், புகையிரதப் பாதை, துறைமுகம், குளங்கள் என்று வேலை நடந்துகொண்டே இருந்தது. அவை நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவற்றில் பல இன்றும் பயன்படுகின்றன. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவற்றுக்கான பணம் யாரிடமிருந்து வந்தது, வேலை யாருடைய வாசலுக்குப் போனது? அரசாங்கக் கணக்கில் வரவு ஒரு பக்கம், செலவு மறு பக்கம். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் குடியேற்ற ஆட்சியின் உண்மையான முகம் தெரியும்.

முதல் வீதிகள் ஊழியத்தால் வந்தவை. கண்டி அரசில் நிலம் வைத்திருந்தவன் அதற்கு ஈடாக அரசனுக்குச் சேவை செய்யக் கடமைப்பட்டவன். அதற்கு இராஜகாரியம் என்று பெயர். அந்தக் கடமைக்கு வழக்கத்தால் வந்த எல்லைகள் இருந்தன. 1815-ல் கண்டியைப் பிடித்த பிரித்தானியர் கடமையை வைத்துக்கொண்டு எல்லையை விட்டுவிட்டார்கள். தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் 1820-களில் கண்டி வீதியை அமைத்தது இந்த ஆள்பலத்தில்தான். 1817-18 கிளர்ச்சி அடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. படையையும் பீரங்கியையும் மலைக்கு விரைவாக ஏற்ற வேண்டும் என்பதே முதல் நோக்கம். பிற்காலத்தில் இலங்கை வீதிகளின் தந்தை என்று பெயரெடுத்த தோமஸ் ஸ்கின்னர் அப்போது பதினாறு வயதுப் பையன். வீதி வேலை என்றால் என்னவென்றே தெரியாத அவனிடம், கருவிகளைக் கையாண்டு பழகாத ஏறத்தாழ 200 கிராமத்தவரை ஒப்படைத்தார்கள். தான் கற்றுக்கொண்டதை அவரே பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் பெருமையோடு எழுதினார். அந்த 200 பேரில் எவரும் குறிப்பு எழுதவில்லை.

வீதி ஒரு நல்ல பலனையும் தந்தது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1832-ல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் வண்டி ஓடத் தொடங்கியது. அதுவரை தவள மாடுகளின் முதுகில் மட்டும் ஏறிய பொருள் இப்போது கரத்தையில் ஏறியது. பாண்ஸ் தாமே கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். படைக்கென்று போட்ட வீதி தோட்டத்துக்கான வீதியாக மாறத் தொடங்கியது அங்கேதான்.

அதே 1832-ல், ஆட்சியை ஆராய வந்த கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி, இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. மனிதத் தன்மையுள்ள சீர்திருத்தம் என்று பாடநூல்கள் அதைப் போற்றுகின்றன. போற்றத்தக்கதுதான். ஆனால் அரசாங்கக் கணக்கில் அது ஒரு பெரிய ஓட்டையை விட்டது. அதுவரை இலவசமாகக் கிடைத்த ஆள்பலத்துக்கு இனிக் காசு கொடுக்க வேண்டும். காசு எங்கே?

அந்நாளைய வருமானம் சில தூண்களில் நின்றது. கறுவா ஏகபோகம், உப்பு ஏகபோகம், சாராயக் குத்தகை, நெல்லில் பத்தில் ஒரு பங்கு, சுங்கத் தீர்வை, மன்னார்க் கடலில் முத்துக் குளிப்பு. கறுவா ஏகபோகம் 1833-ல் போனது; அதற்குப் பதிலாகப் போட்ட ஏற்றுமதித் தீர்வை அளவுக்கு மிஞ்சியதாக இருந்ததால், யாவாக் கறுவாவுக்கும் மலிவான பிற பட்டைகளுக்கும் சந்தை திறந்துவிட்டது. முத்துச் சிப்பிப் பாரோ 1837-க்குப் பிறகு ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கைவிரித்தது. அரிப்புக் கரையில் கூடாரம் போட்டுக் காத்திருந்த அதிகாரிகளுக்குக் குளிப்பு நடத்தவே வழியில்லை.

எஞ்சியவற்றைக் கவனியுங்கள். உப்பு ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே அளவில் வேண்டியது. நெல் வரி விவசாயியுடையது. சாராயக் குத்தகை கிராமத்துத் தவறணையிலிருந்து வருவது. குத்தகைப் பணம் கூட வேண்டுமென்றால் தவறணை கூட வேண்டும். மது அறியாத கண்டிக் கிராமங்களில் வருமானத்துக்காகத் தவறணைகளைத் திறந்து குடிகளைக் கெடுக்கிறோம் என்று 1849-ல் வருந்தி எழுதியவர் வேறு யாருமல்ல, அந்த ஸ்கின்னர்தான். வீதி போட்ட மனிதர், வீதிக்கான பணம் எப்படி வருகிறது என்பதையும் கண்ணால் கண்டிருந்தார்.

இந்த நிலையில் கோப்பி வந்தது. 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டு நிலத்தையும் தரிசு நிலத்தையும் முடிக்குரியதாக்கியது. கிராமத்தவர் சேனை வெட்டிய காடும் மாடு மேய்த்த புற்றரையும் இதில் அடங்கின. ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்று விலை போட்டு விற்றார்கள். 1841 ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 78,000 ஏக்கர் விலைபோனது. வாங்கியவர்களில் தேசாதிபதியும் உயர் அதிகாரிகளும் இருந்தார்கள். சட்டம் இயற்றியவர், நிலம் அளந்தவர், வீதிக்கு எங்கே கல் போடுவது என்று தீர்மானித்தவர் எல்லோரும் தோட்டக்காரராகவும் இருந்த காலம் அது. 1844-ல் ஏக்கர் விலை ஒரு பவுணாக உயர்ந்தது. நிலம் விற்ற பணம் வரவுப் பக்கத்தில் பளபளத்தது. ஆனால் அது ஒருமுறை வரும் பணம். தோட்டம் திறந்ததும் துரைமார் கேட்டது வீதி. அது ஆண்டுதோறும் வெட்ட வேண்டிய, மழைக்குப் பிறகு மறுபடி போட வேண்டிய செலவு.

1847-ல் இலண்டன் சந்தை விழுந்தது. கோப்பி விலை சரிந்தது, தோட்டங்கள் கைமாறின, அரசாங்கப் பெட்டி காலியானது. அந்த ஆண்டில்தான் தேசாதிபதி டொரிங்டன் பிரபு வந்து இறங்கினார். குடியேற்றச் செயலாளர் எமேர்சன் டெனன்ட் வருமானத்தைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை எழுதியிருந்தார். ஏற்றுமதித் தீர்வைகளைக் குறைத்து, நேர் வரிகளுக்கு மாற வேண்டும் என்பது அதன் சாரம். காகிதத்தில் அது பொருளாதார நூல்களின்படி சரியாக இருந்தது. மலைநாட்டில் அதன் பொருள், தோட்டக்காரனின் பாரம் இறங்கிக் குடியானவன் தலையில் ஏறுவது என்பதாகும்.

1848-ல் வந்த வரிகளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நாய்க்கு ஒரு ஷில்லிங். துப்பாக்கி உரிமத்துக்கு இரண்டரை ஷில்லிங். கடைக்கு, படகுக்கு, வண்டிக்கு எல்லாம் உரிமம். இவற்றுக்கு மேல் வீதிக் கட்டளைச் சட்டம்: 18 முதல் 55 வயது வரையுள்ள ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், முடியாதவர் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும். இராஜகாரியம் ஒழிந்து பதினாறு ஆண்டுகளில் ஊழியம் வேறு பெயரில் திரும்பி வந்தது. பழைய ஊழியத்துக்கு நிலமாவது ஈடாக இருந்தது. இதற்கு அதுவும் இல்லை. பெரிய துரைக்கும் அதே மூன்று ஷில்லிங், சேனையில் குரக்கன் விதைத்தவனுக்கும் அதே மூன்று ஷில்லிங். முதலில் பிக்குகளையும் இதில் சேர்த்திருந்தார்கள் என்பது நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. சட்டம் சொன்ன வீதியோ அவர்களுடைய கிராமத்துக்குப் போகும் வீதியும் அல்ல.

ஜூலை மாதத் தொடக்கத்தில் கண்டியில் மக்கள் திரண்டு முறையிட்டார்கள். மாத முடிவில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். மாத்தளையும் குருநாகலும் கிளர்ந்தன. அரசாங்கம் இராணுவச் சட்டத்தை அறிவித்தது. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்ட் 8 அன்று கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். குடாபொல தேரர் என்ற பிக்கு காவியுடையோடே சுடப்பட்டார். நிலமும் மாடும் பறிமுதலாயின. இந்தக் கொடுமை பிரித்தானிய நாடாளுமன்றம் வரை போனது, தெரிவுக்குழு விசாரித்தது, 1850-ல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். துப்பாக்கி, நாய், கடை வரிகள் கைவிடப்பட்டன. வீதி வரி மட்டும் போகவில்லை. பிக்குகளுக்கு விலக்களித்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டார்கள். 1861-ல் மாகாண வீதிக் குழுக்களும் மாவட்ட வீதிக் குழுக்களும் அமைந்து, அந்த வரியை வசூலிக்கும் ஏற்பாடு மேலும் இறுகியது. இரத்தம் சிந்திய பிறகும் வருமானம் விடப்படவில்லை என்பதை நூற்றாண்டின் மற்ற நிகழ்ச்சிகளோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீதி வரியிலிருந்து தொடக்கத்திலேயே விலக்கப்பட்ட ஒரு கூட்டமும் இருந்தது: தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர். அது அவர்கள்மேல் கொண்ட இரக்கத்தால் அல்ல, தோட்டத்துக்கு ஆள் குறையக் கூடாது என்பதால். இந்த விலக்கைக் காட்டி, அவர்கள் இந்த நாட்டின் வீதிக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை என்று எண்ணுவது எளிது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியில் மன்னார் வந்து இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை அவர்கள் நடந்தார்கள். ஏறத்தாழ 150 மைல். காடு, தண்ணீர் இல்லாத நெடுந்தூரம், வாந்திபேதி, அம்மை. வழியில் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுப் போக நேர்ந்தது. கோப்பியை மலையிலிருந்து இறக்கும் வீதிக்குக் கல் பரவிக்கொண்டிருந்த ஆண்டுகளில், அந்தக் கோப்பியைப் பறிக்கும் கைகள் நடந்து வந்த வடக்குப் பாதையில் நிழலுக்கு ஒரு கொட்டகையும் குடிக்க ஒரு கிணறும் போதிய அளவில் இல்லை. 1858-ல் குடிவரும் தொழிலாளருக்கென ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. சிகிச்சைக் கொட்டகைகள் மெல்ல மெல்ல வந்தன. அதற்குள் எத்தனை பேர் மடிந்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் உடன்படவில்லை. யாரும் எண்ணி வைக்காததே அந்த உடன்பாடின்மைக்குக் காரணம். எத்தனை அந்தர் கோப்பி கப்பலேறியது என்பது ஆண்டு தவறாமல் எண்ணப்பட்டிருக்கிறது.

வழியில் பிழைத்து மலையேறியவர் சாப்பிட்டது இறக்குமதி அரிசி. தோட்டமே அரிசி கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். அந்த அரிசி துறைமுகத்தில் இறங்கியபோதே புசலுக்கு இவ்வளவு என்று தீர்வை கட்டியாகிவிட்டது. அரிசித் தீர்வை அந்நாளைய சுங்க வருமானத்தில் முதன்மையான வரவுகளில் ஒன்று. தோட்டம் பெருகப் பெருக அதுவும் பெருகியது. கொழும்பு நகரத்தவரும் கரையோரத்தவரும்கூட அதைக் கட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் சாப்பிடும் ஒவ்வொரு பிடியும் இறக்குமதியானதாக இருந்தது தோட்ட லயத்தில்தான். வீதி வரியில் விலக்கும் சோற்றில் வரியும் ஒரே ஆளுக்கு. வீதி வரிக்காவது கட்டியவன் பெயர் பதிவேட்டில் ஏறியது. அரிசியில் கட்டிய வரிக்குப் பெயர் இல்லை. அதோடு, இராஜகாரியம் ஒழிந்த பிறகு பொதுவேலைப் பகுதியின் பயனியர் படையில் கல் உடைத்து மண் சுமந்தவர்களிலும் தென்னிந்தியத் தமிழரே மிகுதி. வீதிக்கு அவர்கள் வரியாகவும் கொடுத்தார்கள், உடம்பாலும் கொடுத்தார்கள்.

1855-ல் தேசாதிபதியாக வந்த ஹென்றி வோட் செலவு செய்யத் தயங்காதவர். கோப்பி மறுபடி எழுந்திருந்தது, பெட்டியில் பணம் இருந்தது. வீதிகள், பாலங்கள், 1858-ல் தந்தி, அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று புகையிரதப் பாதைக்கு முதல் மண் வெட்டு. புகையிரதத்தின் கதை, பொதுச்செலவை ஆராய்கிறவர்களுக்கு ஒரு நல்ல பாடம். 1845-லேயே இலண்டனில் ஒரு கம்பனி தொடங்கியிருந்தது. அதன் முதலுக்கு ஆறு வீத வட்டி உத்தரவாதம் கொடுக்க அரசாங்கம் ஒப்புக்கொண்டது. நட்டம் வந்தால் இலங்கை வருமானம் தாங்கும் என்பது இதன் பொருள். இந்தியாவில் அதே காலத்தில் ஐந்து வீத உத்தரவாதத்தில் பாதைகள் போடப்பட்டு, செலவைக் குறைக்க யாருக்கும் அக்கறையில்லாமல் போனதை எல்லோரும் அறிவார்கள். இலங்கையில் 1857-ல் கப்டன் மூர்சம் 8 இலட்சத்து 56 ஆயிரம் பவுண் என்று மதிப்பிட்ட பாதைக்கு, அடுத்து வந்த மதிப்பீடு 22 இலட்சம் பவுணைத் தொட்டது. இங்கேதான் இலங்கை வேறு வழியில் போனது. ஒப்பந்தத்தை முறித்து, பாதையை அரசாங்கமே கையேற்றது. ஃபேவியல் என்ற கொந்தராத்துக்காரரிடம் 1863-ல் வேலை ஒப்படைக்கப்பட்டது. 1865-ல் அம்பேபுஸ்ஸை வரையும் 1867-ல் கண்டி வரையும் வண்டி ஓடியது. கடுகண்ணாவை ஏற்றம் 45 அடிக்கு ஓரடி உயரும் செங்குத்து. காய்ச்சலில் அங்கே தொழிலாளர் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள்.

இந்தப் பாதையின் செலவுக்காகத் தோட்டக்காரர்கள் கோப்பி ஏற்றுமதித் தீர்வைக்கு உடன்பட்டார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது இதை மறைக்கக் கூடாது. பயன்பட்டவர் செலவில் பங்கெடுத்த அரிய இடம் இது. கண்டியிலிருந்து கொழும்புக்குக் கரத்தையில் நாட்கணக்காகவும், மழைக்காலத்தில் வாரக்கணக்காகவும் நனைந்து போன கோப்பி, சில மணி நேரத்தில் இறங்கியது. கடன் எதிர்பார்த்ததைவிட விரைவாக அடைந்தது. பிறகு புகையிரதமே அரசாங்கத்துக்கு இலாபம் ஈட்டிக் கொடுத்தது. ஆனாலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஏற்றுமதித் தீர்வை தோட்டக் கோப்பிக்கு மட்டும் விழவில்லை. வீட்டு வளவில் கோப்பிச் செடி வைத்திருந்த சிங்களக் குடியானவனின் கோப்பிக்கும் விழுந்தது. இடைத்தரகன் கொடுத்த விலையில் தீர்வை கழிந்தே வந்தது. ரயிலுக்கு வளவுக் கோப்பியும் பணம் கொடுத்திருக்கிறது.

பணம் சேர்ந்ததும் அதை யார் செலவிடுவது என்ற சண்டை வந்தது. இலங்கையில் நிற்கும் படைக்கான செலவை இலங்கையே ஏற்க வேண்டும் என்று இலண்டன் வற்புறுத்தியபோது, 1864-ல் சட்ட நிரூபண சபையின் உத்தியோகப் பற்றற்ற அங்கத்தவர்கள் பதவி துறந்தார்கள். அடுத்த ஆண்டு இலங்கைக் கழகம் பிறந்தது. கோப்பி வணிகர் ஜோர்ஜ் வோலும் பறங்கிச் சமூகத்து வழக்கறிஞர் சார்ல்ஸ் அம்புரோஸ் லொரன்ஸும் முன்னணியில் நின்றார்கள். எங்கள் வருமானத்தை எங்கள் நாட்டில் செலவிடு என்ற கோரிக்கை நியாயமானது. இலங்கை அரசியலில் வரவு செலவுக் கட்டுப்பாட்டைப் பற்றி எழுந்த முதல் பெரிய குரல் அது. நாட்டில் எங்கே செலவிடுவது என்று கேட்டால் பெரும்பாலோர் காட்டிய திசை மலைநாட்டு வீதிகள்தான். 1866-ல் கிளை வீதிக் கட்டளைச் சட்டம் வந்தது: தோட்டங்களுக்குள் போகும் வீதியின் செலவில் பாதியைத் தோட்டங்கள் தரும், பாதியைப் பொது வருமானம் தரும்.

இதே காலத்தில் நீர்ப்பாசனத்துக்கு என்ன விதி என்று பார்த்தால் ஒப்பீடு தானாகவே விளங்கும். வோட் மட்டக்களப்புப் பக்கம் போய், பாழடைந்த பெருங்குளங்களைப் பார்த்து மனம் நொந்தார். 1856-ல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார். இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. கிழக்கில் வயல் பெருகியது. இது உண்மையான சாதனை. ஆனால் குளத்துச் செலவைத் தண்ணீர் வரியாகத் தவணை முறையில் விவசாயி திருப்பிக் கட்ட வேண்டும். பெருவீதியின் செலவைத் தோட்டம் திருப்பிக் கட்டத் தேவையில்லை. 1873-ல் வட மத்திய மாகாணம் பிறந்த பிறகு சிறு குளங்களில் கையாண்ட முறை: குளக்கட்டை ஊரவர் மண் போட்டு உயர்த்த வேண்டும், வேலை முடிந்தால் அரசாங்கம் மதகு கொடுக்கும். மதகு கொடுத்ததற்கு அனுராதபுரக் கிராமங்கள் நன்றி பாராட்டின. அவ்வளவு காலம் யாரும் திரும்பிப் பார்க்காத ஊர்கள் அவை. ஆனாலும் இரும்பு மதகின் விலையையும் பல ஆயிரம் கூடை மண்ணின் விலையையும் எடை போட்டால், செலவில் பெரும்பங்கு ஊரவருடையதே.

தேசாதிபதி கிரகரியின் காலம், 1872 முதல் 1877 வரை, பொதுவேலைகளின் பொற்காலம் என்பார்கள். கோப்பி ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் அந்தரைத் தொட்டிருந்தது. கந்தளாயும் திசமகாராமையும் மறுபடி நீர் தாங்கின. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுக அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் வைத்தார். பத்து ஆண்டுகளில் அது முடிந்தபோது காலித் துறைமுகத்தின் காலமும் முடிந்தது. ஆனால் கோப்பி இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் துரு 1869-லேயே காணப்பட்டிருந்தது. 1880-களின் தொடக்கத்தில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. 1884-ல் ஓரியன்டல் வங்கி மூடியது. தேசாதிபதி ஆதர் கோடன் அதன் நோட்டுகளுக்கு அரசாங்க உத்தரவாதம் கொடுத்து நகரத்தைக் காப்பாற்றினார்.

நகரத்து நோட்டுக்காரர் காப்பாற்றப்பட்ட அதே ஆண்டுகளில் நுவரெலியா மாவட்டத்து வலப்பனையில் நடந்ததுதான் இந்தக் கணக்கின் மிகக் கொடிய பக்கம். 1878-ஆம் ஆண்டுச் சட்டம் நெல் வரியைக் கட்டாயமாகப் பணமாக்கியது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் மதிப்பிட்ட தொகையைக் கட்ட வேண்டும். வளவில் நின்ற கோப்பிச் செடி காசு கொடுத்தவரை குடியானவன் சமாளித்தான். துரு அவனுடைய செடியையும் தின்றது. வரி நின்றது; வயல் ஏலத்துக்கு வந்தது. சில ரூபாய் நிலுவைக்கு, தலைமுறை தலைமுறையாக உழுத வயல் போனது. நுவரெலியா உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் வெளியேற்றப்பட்டவர்களின் கணக்கை எடுத்தார். பலர் ஊரைவிட்டுப் போனதையும், பட்டினியால் மாண்டதையும் அவர் எழுதினார். அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. ஜோர்ஜ் வோல், முன்னே கோப்பிக்காக வாதாடிய அதே மனிதர், முதுமையில் இந்த வரிக்கு எதிராக எழுதிப் போராடினார். அவர்மேல் மதிப்பு ஏற்படுகிறது. 1892-ல் தேசாதிபதி ஹவ்லொக் நெல் வரியை நீக்கினார். அதுவரை அந்த வரியின் ஒரு பகுதியைத்தான் கோடன் நீர்ப்பாசன நிதிக்கு ஒதுக்கிக் கலாவாவி போன்ற வேலைகளைப் பற்றிப் பெருமைப்பட முடிந்தது. ஒரு மாவட்டத்தில் வயல் ஏலம் போய்க்கொண்டிருக்க, இன்னொரு மாவட்டத்தில் வயலுக்குத் தண்ணீர் திறந்தார்கள். உள்நாட்டு நெல்லுக்கு வரி போனது. இறக்குமதி அரிசிக்குத் தீர்வை போகவில்லை.

வரலாற்றாசிரியர்கள் இந்த நூற்றாண்டை ஒரே மாதிரி படிக்கவில்லை. எஸ். பி. டி. த சில்வாவும் அசோகா பண்டாரகேயும் பெருந்தோட்டம் கிராமத்தை உறிஞ்சியதை அழுத்திச் சொன்னார்கள். மைக்கேல் றொபேட்ஸ் வளவுக் கோப்பியைக் காட்டினார்: கிராமத்தவர் வீதியால் பயனடையவே இல்லை என்பது தவறு; அவர்களுடைய கோப்பியும் அதே வீதியில் இறங்கிக் காசானது; வண்டி ஓட்டியும் கொந்தராத்து எடுத்தும் கரையோரத்தவர் உயர்ந்தார்கள். குமாரி ஜயவர்தன, சாராயக் குத்தகையில் சேர்ந்த பணம் எவ்வாறு ஓர் உள்நாட்டு முதலாளி வர்க்கமானது என்று எழுதினார். கே. எம். த சில்வா டொரிங்டனின் கடிதங்களைப் பதிப்பித்து, 1848-ல் அதிகாரிகள் என்ன நினைத்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்க வைத்தார். றொபேட்ஸ் சொல்வது சரிதான். வீதி போட்டால் அதில் யாரும் நடப்பார்கள். ஆனால் பயன் சிந்தியதை வைத்து நோக்கத்தை அளக்க முடியாது. எந்த மலைக்கு முதலில் வீதி போனது, யாருக்குப் பாதிச் செலவு தள்ளுபடியானது, யார் தண்ணீருக்குத் தவணை கட்டினார் என்பவற்றில் நோக்கம் தெளிவாகத் தெரிகிறது. இலங்கையின் பொதுச்செலவு பொது வருமானத்திலிருந்து எடுத்துத் தனி ஒரு தொழிலுக்குச் செய்த செலவாகவே பெரிதும் இருந்தது. ரயில் ஒன்றே அதற்குக் குறிப்பிடத்தக்க விதிவிலக்கு.

வடக்கும் கிழக்கும் இதை நீண்ட காத்திருப்பாக உணர்ந்தன. கண்டிக்கு 1867-ல் போன புகையிரதம் கோப்பிக்குப் பதிலாக வந்த தேயிலையின் பின்னால் 1885-ல் நானு ஓயாவுக்கும், 1894-ல் பண்டாரவளைக்கும் ஏறியது. வன்னிக் காட்டினூடே போகும் பாதை இலாபம் தராது என்று அதிகாரிகள் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பிலிருந்து முதல் வண்டி 1905-ல் வந்தது, கண்டிக்கு வந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து. மட்டக்களப்புக்கு 1928-ல். வீதி வரியோ யாழ்ப்பாணத்தவரிடமும் மட்டக்களப்பாரிடமும் 1848 முதல் தொடர்ந்து வாங்கப்பட்டது. 1922-ல் ஏ. ஈ. குணசிங்க அந்த வரியின் இரண்டு ரூபாயைக் கட்ட மறுத்து, அதற்குப் பதிலாகக் கொழும்பில் வீதிக்குக் கல் உடைக்கப் போனார். அதன் பிறகுதான் 1848-ன் அந்த வரி ஒழிந்தது.

இன்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. குடியேற்ற அரசாங்கம் ஆண்டுதோறும் அச்சிட்ட நீலப் புத்தகங்களில் இறக்குமதியான அரிசியின் அளவும் அதில் வசூலான தீர்வையும் இருக்கின்றன. வீதிகளுக்கும் பாலங்களுக்கும் போன செலவும் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் தொகைக்கும் மதிப்பீடுகள் உண்டு. இவற்றை ஆண்டுவாரியாக அருகருகே வைத்து, மலையகத் தமிழர் சோற்றின் வழியே இலங்கையின் வீதிகளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். 1948-ல் இந்த நாட்டோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்று கேட்டுக் குடியுரிமையை மறுத்தபோது அவர்கள் கையில் காட்டுவதற்கு அந்தக் கணக்கு இல்லை. பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ பொருளியலோ வரலாறோ படிக்கும் ஒரு மாணவர் அதை எடுத்துச் செய்ய வேண்டும்.